காலை வாரேன்

1

என் மகள் என்னைக் கட்டுடைக்கப் போகிறாள் என்ற செய்தி, நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது வந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்த லாரியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே கனடாவில் பனி விழுந்து, ரோடு கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அது இளகுவதற்காக அதன்மேல் உப்பைத் தூவுவார்கள். எங்கள் நகரசபையில் உப்பு தூவும் லாரி ஒன்று என் பொறுப்பு. கடலோரம் வாலிநோக்கத்தில் வீடும் உப்பளமும் என்று வளர்ந்தவன் நான். உப்பே வேண்டாமப்பா என்று முதலில் துபாய்க்கு ஓடி, அங்கிருந்து இங்கே ஓடிவந்தேன். வந்த இடத்தில் உப்பு எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பழக்க தோஷத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேலாளர் டேவ் வெளிறிப்போய், 'பணியிடத்தில் வேதிப்பொருளை விழுங்கிய சம்பவம்' என்று நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். "விழுங்கியதற்கான காரணம்" என்ற கட்டத்தில், "நம்ம ஊர் உப்பு அளவுக்கு இல்லை" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தப் படிவம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

சரி, செய்திக்கு வருகிறேன். போன பிப்ரவரியில் ஒரு சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியபோது, மகள் கயல் அனுப்பிய அழைப்பிதழ் செல்போனில் வந்து விழுந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் இலக்கியக் கோட்பாடு படிக்கிறாள். மாணவர் கருத்தரங்கு ஒன்றில் பேசப் போகிறாளாம். தலைப்பு இது: "'காலை வாரேன்': எழுதியவர் தெரியாத ஒரு துண்டுச்சீட்டின் கட்டுடைப்பு."

சிவப்பு பச்சையாகி, மறுபடி சிவப்பானது. உப்பு கொட்டும் விசையை நிறுத்தவில்லை என்பது பின்னால் வந்தவர் ஒலிப்பானை அழுத்திய பிறகுதான் உறைத்தது. ஒரே இடத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்பு குவிந்திருந்தது. அந்த முக்கில் குடியிருக்கும் மூதாட்டி இரண்டு தலைமுறைக்கு ஊறுகாய் போடலாம்.

ஏனென்றால் அந்தச் சீட்டை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். உப்பு லாரிக்குள் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தவர்தான்.

2

உப்பளத்தில் பாத்தியைச் சுற்றி மண்ணைக் குழைத்துப் போட்டிருக்கும் கரையை எங்கள் வீட்டில் 'கட்டு' என்போம். ஆகவே 'கட்டுடைப்பு' என்ற சொல் என் காதில் விழுந்தால் பிரெஞ்சுத் தத்துவம் எதுவும் ஞாபகத்துக்கு வராது. என் இருபத்தோராவது வயதின் சித்திரை மாதம்தான் வரும்.

துபாய் விசா வந்து, பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. பாத்தி நிறைய உப்பு விளைந்து கிடந்தது. படிந்த உப்பைப் பலகை வைத்து இழுத்து ஒதுக்குவதை 'வாருவது' என்போம். மறுநாள் வார வேண்டும். அண்ணன் சேதுவும் நானும் முறை போட்டுக் காவல் இருப்போம். மழை திரண்டால் மடையைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் கட்டு தாங்காது. காவலின் மொத்த இலக்கணமும் இவ்வளவுதான். அன்றைக்கு என் முறை. அண்ணன் பருத்தி விஷயமாகக் கமுதிக்குப் போயிருந்தான், சாயங்காலம் உப்பளத்துக்கு வந்துவிடுவான்.

சாயல்குடி தியேட்டரில் ஒரு படம். துபாய்க்குப் போனால் இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்று மனசு அடித்துக்கொண்டது. வானத்தைப் பார்த்தேன், ஒரு மேகம் இல்லை. கையில் கிடைத்த தாளைக் கிழித்து, "காலை வாரேன்" என்று இரண்டே வார்த்தை எழுதி, மோட்டார் அறைக் கதவில் செருகினேன். மதியக் காட்சி பார்த்துவிட்டு, அங்கேயே கூட்டாளி வீட்டில் தங்கி, நாளைக் காலையில் வருகிறேன் என்று அர்த்தம். 'காலையில்' என்று முழுதாக எழுதியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

இடைவேளையில் தியேட்டர் கூரையில் தடதடவென்று சத்தம். சண்டைக் காட்சி முன்கூட்டியே தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு முறுக்கு தின்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் உப்பளம் இருந்த இடத்தில் கடல் இருந்தது. கட்டு உடைந்து, உப்பெல்லாம் கரைந்துவிட்டது. எங்கள் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"நேத்து யாரு காவலு?"

நான் வாயைத் திறப்பதற்குள், ராத்திரி முழுக்க மண் அள்ளிப் போட்டுச் சேறாக நின்ற அண்ணன் சொன்னான்: "நான்தான்யா."

அண்ணன் நாளைக் குழப்பிக்கொண்டான். சீட்டு மழையில் கரைந்துவிட்டது. நின்ற இடத்திலேயே நான் இந்த முடிவுக்கு வந்தேன். எனக்குச் சாதகமான முடிவுகளுக்கு அந்த வயதில் மிக வேகமாக வருவேன். அய்யா இரண்டு வருஷம் அண்ணனை உப்பளத்துப் பக்கமே விடவில்லை, மிளகாய்க் கொல்லைக்கு அனுப்பிவிட்டார். ஊர் அதைவிட ஒரு படி மேலே போய் அவனுக்கு 'உடைப்பு சேது' என்று பெயர் வைத்தது. இன்றுவரை அதுதான் பெயர். அவன் மகன் கல்யாணத்துக்கு அடித்த பேனரில்கூட, கூட்டாளிகள் 'உடைப்பு இல்லத் திருமண விழா' என்று போட்டார்கள்.

நான் துபாய்க்குப் போனேன். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது அவனை "ஏலே உடைப்பு" என்று கூப்பிட, நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பத்து நாள் லீவில் நாலாம் நாளே கிளம்புவேன். கடைசியாகப் போய் ஆறு வருஷம் ஆகிறது. வராததற்குப் பனி, விசா, லீவு என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் அவன் பெயர்தான்.

3

சாப்பிடும்போது, சாம்பாரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"கயலு, கட்டுடைப்புன்னா என்னம்மா?"

"ஒரு எழுத்து ஒண்ணு சொல்ல வரும்ப்பா. உத்துப் பாத்தா அதுக்குள்ளேயே அதுக்கு எதிரானதும் இருக்கும். தனக்கு எதிராத் தானே சாட்சி சொல்லும்."

எனக்குப் புரையேறியது. மனைவி செல்வி தலையில் தட்டினாள்.

"எழுதினவனை விசாரிப்பாங்களா?"

"இல்லப்பா. ஆசிரியர் செத்துட்டார்."

"எப்ப?"

"எழுதி முடிச்ச உடனே. அதுக்கப்புறம் அர்த்தத்துக்கு அவர் பொறுப்பு இல்ல."

முப்பது வருஷத்தில் இவ்வளவு ஆறுதலான செய்தியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னேன்.

"சரிம்மா, அந்தச் சீட்டு உனக்கு எங்கேருந்து கிடைச்சது?"

"மூலம் முக்கியமில்லப்பா. எல்லாமே பிரதியோட பிரதிதான். எனக்கு வாட்ஸ்அப்ல வந்துச்சு."

இந்தக் கோட்பாட்டை உருவாக்கியவர்களிடம் எனக்கு ஒரே ஒரு புகார்தான். தகப்பன் பதறிப்போய்க் கேட்கிற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

கயல் பதின்மூன்று வயதில் தமிழை விட்டவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழைத்தால் வயிறு வலிக்கும். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் தோளைக் குலுக்கிப் பதில் சொல்வாள். இருபத்திரண்டு வயதில் திடீரென்று தமிழுக்குத் திரும்பிவிட்டாள், பாரிஸ் வழியாக. இப்போது என்னோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். நான் ஏதாவது சொன்னால், "சூப்பர்ப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று குறித்துக்கொள்கிறாள். அப்பாவாக இருந்தவன் தரவாக உயர்ந்திருக்கிறேன்.

பயத்தில் நானும் அவள் அலமாரியிலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். குறிப்பான், குறிப்பீடு, மையம், விளிம்பு, பெருங்கதையாடல். ஒரு சொல் இன்னொரு சொல்லைக் காட்டுமாம், அது இன்னொன்றைக் காட்டுமாம், அர்த்தம் மட்டும் கைக்கு வராமல் ஒத்திப்போய்க்கொண்டே இருக்குமாம். இதற்குப் புத்தகம் எதற்கு? குடியுரிமை அலுவலகத்தில் எனக்கு இது நாலு வருஷம் நடந்தது. "உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது" என்ற குறிப்பான் மாதாமாதம் வரும். குறிப்பீடு வரவே வராது. கடைசியில் வந்தபோது என் பெயரும் அய்யா பெயரும் இடம் மாறி வந்தன. அதனால் இந்த நாட்டில் நான் 'மிஸ்டர் ராமையா'. டேவ் என்னை "ராமையா" என்று கத்தும் ஒவ்வொரு முறையும், செத்துப்போன அய்யா எழுந்து வந்து, "நேத்து யாரு காவலு?" என்று கேட்பதுபோல் இருக்கும்.

ஒரு வாரத்தில் கோட்பாடு எனக்குள் நன்றாக ஊறிவிட்டது.

"ஏங்க, குப்பையை எடுத்து வெளியில வைங்க" என்றாள் செல்வி.

"குப்பைங்கிறது விளிம்புக்கு மையம் வச்ச பேரு, செல்வி."

"அப்ப ரோட்டு விளிம்புல வைங்க. ஏழு மணிக்கு லாரி வருது."

4

கருத்தரங்கை அண்ணன் பார்க்காமல் தடுத்துவிட்டால் தப்பித்தேன் என்று கணக்குப் போட்டேன். சீட்டு எப்படியோ கயலிடம் வந்துவிட்டது, போகட்டும். அண்ணன் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. போன் போட்டேன்.

"அண்ணே, கயல் பேசுறது பாக்குற மாதிரி இல்லண்ணே. பாதி இங்கிலீசு, பாதி யாருக்கும் புரியாத தமிழு."

"ஏலே, உன் கல்யாணத்துல சொன்ன மந்திரம் மட்டும் எனக்குப் புரிஞ்சுச்சாக்கும்? உக்காந்து பாத்தேன்ல."

"நேரம் ஒத்து வராதுண்ணே. அங்கன விடிகாலை மூணு மணி."

"சாயங்காலம் ஏழரைன்னு பிள்ளை அனுப்பியிருக்கா."

"நெட்டு இழுக்குமே."

"இங்கன டவர் போட்டு நாலு வருசமாச்சு. நீ வந்தாத்தானே தெரியும்? பெரிய டிவியில போடப் போறோம். தெருவையே கூப்பிட்டிருக்கேன். உங்க மதினி சுண்டலுக்கு ஊறப்போட்டாச்சு."

"தெருவை எதுக்குண்ணே கூப்பிட்டே?"

"என் தம்பி மக கனடாவுல பேசுறா, கூப்பிட மாட்டேனா? நீ ஏன் மூச்சு வாங்குற?"

"பனிண்ணே."

"பனியில மூச்சு வாங்குமா? சரி, எப்ப வாரே?"

"வாரேண்ணே."

"முப்பது வருசமா இந்த ஒத்த வார்த்தையை வச்சே ஓட்டுறே."

5

கருத்தரங்கு எங்களுக்குக் காலை ஒன்பது மணி. அறையில் இருபது பேர். எங்கள் ஊர்க்காரர் நாலு பேர் பேசுவதைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசும் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், நடுவராக. சுவரில் பெரிய திரை. திரையின் ஒரு மூலையில் சிறு சதுரமாக வாலிநோக்கம். அண்ணன் செல்போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்ததால் பாதி மீசையும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. பின்னால் சுண்டல் மெல்லும் சத்தம்.

கயல் சீட்டைத் திரையில் போட்டாள். என் கையெழுத்து ஆறடி உயரத்துக்கு நின்றது. மழையில் கரையவில்லை. ஓரம் மட்டும் பழுத்திருந்தது.

"இரண்டே சொற்கள்" என்றாள் கயல். "'காலை வாரேன்.' ஒரு வாசிப்பில், 'காலையில் வருகிறேன்' என்ற வாக்குறுதி. இன்னொரு வாசிப்பில், 'உன் காலை வாருகிறேன்' என்ற துரோகம். 'வாருறேன்' என்பதில் ஒரு 'று' விழுந்திருக்கலாம். அந்த இல்லாத 'று'தான் இந்தப் பிரதியின் மையம்."

எட்டாம் வகுப்பில் தமிழய்யா எனக்கு 'று' போடத் தெரியாது என்று பிரம்பால் அடித்ததை நினைத்துக்கொண்டேன். அது மையம் என்று அப்போதே தெரிந்திருந்தால் விவாதித்திருப்பேன்.

"வாக்குறுதியா, துரோகமா? தீர்மானிக்க முடியாது. வாக்குறுதிக்குள்ளேயே துரோகம் இருக்கிறது. இனி, சீட்டின் பின்பக்கம்."

பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் முப்பது வருஷமாக மறந்திருந்தேன். திரை மாறியது. சிவப்பு எழுத்தில் சினிமா நோட்டீஸ். "தினசரி மூன்று காட்சிகள். இன்றே கடைசி!"

வாலிநோக்கத்தில் சுண்டல் மெல்லும் சத்தம் நின்றது.

"முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்க முடியாது" என்றாள் கயல்.

அவள் எனக்குத் திறந்துவிட்ட கடைசிக் கதவு அது. பேசாமல் இருந்தால் போதும், ஒரு பல்கலைக்கழகமே என்னை நிரபராதி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது திரையின் மூலையிலிருந்து தெருக்காரர் ஒருவர் குரல் கேட்டது: "ஏலே உடைப்பு, சத்தத்தைக் கூட்டி வையி."

எழுந்து நின்றேன். எழுந்ததில் நாற்காலி விழுந்தது.

"ஆசிரியர் சாகலம்மா. நான்தான் எழுதினேன். அன்னைக்கு என் முறை. படத்துக்குப் போயிட்டேன். கட்டு உடைஞ்சதுக்கு அண்ணன் காரணமில்ல. அவனை உடைப்புன்னு கூப்பிடாதீங்க."

கயல் முகத்தில் முதலில் திகைப்பு. பிறகு கோபம்.

"அப்பா, என் கட்டுரையே 'எழுதியவர் தெரியாத'ன்னு தான் ஆரம்பிக்குது."

பேராசிரியர் கையை உயர்த்தினார். "கவலை வேண்டாம், கயல். ஆசிரியரின் கூற்றும் இன்னொரு பிரதிதான். அதற்குத் தனி அதிகாரம் இல்லை." இருபது பேரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் அடைகாத்த உண்மையைச் சொல்லிவிட்டேன். அதை 'மூன்றாவது கருத்து' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டார்கள்.

மூலையில் மீசை அசைந்தது.

"தாயி, பெரியப்பா ஒண்ணு சொல்லலாமா? அந்தச் சீட்டை உனக்கு அனுப்பினது நான்தானே. யாரு எழுதினதுன்னு சொல்லலை, படிச்ச பிள்ளை கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன். ரெண்டு அர்த்தம் சொன்னே, ரெண்டும் சரிதான். ஆனா இன்னொண்ணு இருக்கு. அன்னைக்குப் பாத்தி நிறைய உப்பு. மறுநாள் வாரணும். கதவுல பாத்தா 'காலை வாரேன்'னு எழுதியிருக்கான். 'காலையில வந்து நானே உப்பை வாரிருதேன், நீ செத்த நேரம் தூங்குண்ணே'ன்னு தம்பி எழுதியிருக்கான்னு நான் படிச்சேன்."

கயல் பேனாவைத் தேடினாள்.

"அப்படித்தான் எழுதினியாலே?"

"இல்லண்ணே."

"தெரியும்லே. பின்னாடிதான் இன்றே கடைசின்னு போட்டுருக்கே."

"தெரிஞ்சுமா அய்யாகிட்ட சொல்லாம இருந்தே?"

"சொல்லியிருந்தா உன் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருப்பாரு. அப்புறம் ரெண்டு பேரும் இங்கனயே கிடந்து ஒருத்தன் காலை ஒருத்தன் வாரிக்கிட்டு இருந்திருப்போம். போனாப் போகுது, பேருதானே? பஸ்ஸுல 'உடைப்பு வீடு'ன்னு சொன்னாத்தான் கண்டக்டருக்கே தெரியுது. ஆனா ஒண்ணு, எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். இன்னும் நீ வாரலை."

அவன் சொன்னது 'வரலை'யா, 'வாரலை'யா? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து நெட் கொஞ்சம் இழுத்தது. கண்ணும் கொஞ்சம் மறைத்தது, அது பனியால்.

கயல் முகம் பளிச்சென்று ஆகியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "தீர்மானிக்கவே முடியாதுப்பா. கட்டுரை தப்பிச்சிருச்சு."

6

மறுநாளே லீவுப் படிவம் வாங்கினேன். பனிக்காலத்தில் உப்பு லாரிக்காரர்களுக்கு லீவு கிடையாது. பனி முடிந்ததும் ஏப்ரலில் மூன்று வாரம் கேட்டேன். 'காரணம்' என்ற கட்டத்தில் வழக்கமாக 'குடும்ப அலுவல்' என்று எழுதுவேன். இந்த முறை 'உப்பு அள்ள' என்று உள்ளதை எழுதினேன்.

டேவ் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். "ராமையா, வருஷத்தில் அஞ்சு மாசம் உப்பைக் கொட்டுகிறாய். லீவு எடுத்துக்கொண்டு போய் அள்ளப் போகிறாயா?"

"ஆமாம்."

"அங்கேயும் தின்று பார்ப்பாயா?"

"அங்கே படிவம் கிடையாது, டேவ்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். செல்வி ஒரு மாதத்துக்கு முன்பே பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாள். கயலும் வருகிறாள், 'களப்பணி' என்கிறாள். பெரியப்பா பக்கத்தில் அவள் உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், அது களப்பணியோ என்னவோ, எனக்குச் சம்மதம்.

டிக்கெட் போட்டதும் அண்ணனுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். இந்த முறை பஸ் வரவில்லை, அவசரமில்லை. எழுத்துக்கூட்டி, எந்த அர்த்தமும் தப்பித்து ஓடாதபடி எல்லா மடையையும் அடைத்து எழுதினேன்:

"அண்ணே, சனிக்கிழமை காலையில் வந்து சேருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உப்பு வாருகிறேன். யாருடைய காலையும் வாரமாட்டேன்."

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். 'று', 'ரு' எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"நல்லா எழுதியிருக்கே. இதையும் எடுத்து வச்சுக்கிடுதேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:

"பின்பக்கத்தைக் காட்டு."

டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பினேன்.